வெறும் ஆவிதானாம்

எங்கள் வீட்டு முன்கட்டில் மூன்று வருஷம் குடியிருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். பேரைச் சொல்ல மாட்டேன். பேரைப் போட்டால் இதையும் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார். அவர், இவர் என்றுதான் எழுதுவேன். அந்த மரியாதை என்னுடைய வழக்கம். அவர் சம்பாதித்தது இல்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அவருக்கு வேலை. கடை அவருடையது இல்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருப்பார், இவர் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பார். ஆனால் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிற மலை ஜனங்கள் இவரை டாக்டரு என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை என்று அவர் ஒரு நாளும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, அதுங்க உங்கள டாக்டருன்னு கூப்பிடுதுங்களே, நீங்க பாட்டுக்குத் தலையாட்டிக்கினு கீறீங்களே."

"டாக்டர விட நான் தேவலாம் பெரிம்மா. அவரு மூஞ்சியக்கூடப் பாக்காம எழுதித் தள்ளுவாரு. நான் நின்னு விளக்கமா சொல்றேன் இல்ல."

இந்தத் தேவலாம்தான் அவர். வேறு எதையும் சொல்லி அவரை அடையாளம் காட்ட முடியாது. ஒல்லியாக, தேய்த்த சட்டையும் பாக்கெட்டில் பேனாவுமாக ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் குறையைக் கொண்டு போனாலும் அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய குறை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவாரே, அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. பெரியதைப் பார்த்ததும் சின்னது நல்லதாகத் தெரியும். நாமும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். பாதி வழியில்தான் குறை அப்படியே இருக்கிறது என்று நினைவு வரும்.

வீட்டுக்காரியாகப் பார்த்தால் அவரைப் போல ஒரு குடித்தனக்காரர் கிடைக்க மாட்டார். ஐப்பசி மழையில் முன்கட்டு ஒழுகியது. நானே வெட்கப்பட்டுப் போய் நின்றேன். ஓர் ஓரத்தில் குண்டானை வைத்துவிட்டு, "போன வூட்ல சட்டிப் பானையே பத்தாது பெரிம்மா. இங்க ஒரு குண்டான்தான். அதுக்கு இது தேவலாம்" என்றார். உளுந்தூர்பேட்டையில் பைக் சறுக்கி முழங்கை தோல் உரிந்து வந்தார். "பின்னாடி வந்த லாரி நின்னுக்கிச்சே, அத நெனச்சா இது தேவலாம்." அவருடைய பெண்சாதி திருக்கோவிலூர்ப் பெண், வாய்த்துடுக்கு உண்டு. அவள் ஒரு நாள் பூ கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"பொண்ணு பாத்துட்டுப் போயி இன்னா சொன்னாராம் தெரியுமா பெரிம்மா? முன்னாடி பாத்த நாலுக்கு இது தேவலாம்னு. எங்க மாமியாரே எங்கிட்ட சொன்னாங்க. அன்னிலேர்ந்து நானும் இவர அப்படித்தான் வெச்சிருக்கேன். குடிக்கிறவனுக்கு இவரு தேவலாம்."

நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஒரு நாள் நான் கால் வலிக்குக் களிம்பு வாங்கப் போயிருந்தபோது கடையில் ஒன்று பார்த்தேன். மலையிலிருந்து ஒரு கிழவியைக் கூட்டி வந்திருந்தார்கள். காய்ச்சல், உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது. இவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"நேத்தி எப்படி இருந்துச்சு?"

"நேத்தி எந்திரிக்கவே முடியல டாக்டரு."

"இன்னிக்கு பஸ் ஏறி வந்துட்டியே. நேத்திக்கு இன்னிக்குத் தேவலாம்தானே?"

"தேவலாம் டாக்டரு."

மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். கிழவி கும்பிட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அவளை ஆம்புலன்ஸில் இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். பிழைத்துக்கொண்டாள். அதைப் பற்றிக் கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "மூணாம் நாளே கொண்டாந்துட்டாங்க பாருங்க. ஒரு வாரம் போட்டு வெச்சிருந்தா?" அன்றைக்கே எனக்கு அவர் மேல் கொஞ்சம் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாடகை வீட்டு மனிதர், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

அவர் சிகரெட் குடிப்பவர். வீட்டுக்குள் குடிக்க அவர் பெண்சாதி விடமாட்டாள். தெருக்கோடியில் டிரான்ஸ்பார்மர் பக்கம் போய் நின்று குடித்துவிட்டு, ஏலக்காய் ஒன்றைக் கடித்துக்கொண்டு வருவார். ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. மழை பெய்தால் நாலு நடை. ஆக, மழைக்காலத்தில் அவர் கொஞ்சம் ஆரோக்கியம்.

திடீரென்று அந்த நடை நின்றுவிட்டது. நான்கூட விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் பாக்கெட்டில் பேனாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பேனா. பேனா இல்லை, அது ஒரு குழல். அதை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சுகிறார். மூக்கிலும் வாயிலும் வெள்ளையாக வருகிறது. முன்கட்டு முழுக்க மாம்பழ மிட்டாய் வாசனை.

என் வீட்டுக்காரர் முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நின்றுகொண்டு இவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"பெரியவரே, இதுக்குப் பேரு வேப்பு. நீங்க குடிக்கிறது எரியுது. எரிஞ்சா கரி, தாரு, சாம்பல் எல்லாம் உள்ள போவுது. இது எரியறதே இல்ல. உள்ள தண்ணி மாதிரி ஒரு மருந்து, அது சூடாயி ஆவியா வருது. வெறும் ஆவிதான்."

"புகை மாதிரி கீதே."

"புகை இல்ல. ஆவி. இட்லி கொப்பரையில வருதே, அது மாதிரி."

நான் நடுவில் புகுந்தேன். "அவ்ளோ நல்லதுன்னா உங்க கடையில ஏன் வெச்சி விக்கல தம்பி?"

"அது வந்து பெரிம்மா, கவர்மெண்ட்ல விக்கக் கூடாதுன்னு தடை."

"தடை பண்ணத எங்க வாங்குனீங்க?"

"மெட்ராஸ்ல ஒரு பையன் அனுப்பறான். விக்கறதுதான் தப்பு. இழுக்கறவன புடிக்க மாட்டாங்க."

ஊருக்கெல்லாம் டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டியவர், தனக்கு வேண்டியதைச் சீட்டில்லாமல் வாங்கிக்கொள்கிறார். இதைச் சொன்னேன். சிரித்தார். சிரித்தால் அவருக்கு ரெண்டு கன்னத்திலும் குழி விழும். அதனால்தான் அவரை யாரும் திட்டி முடிப்பதில்லை.

ஆவியைப் பற்றி எனக்குச் சொல்ல வந்தார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரத்தில், முப்பது வருஷம் வெல்லம் காய்ச்சியவர்கள். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குப் போகாத கரும்பு எங்கள் கொப்பரைக்கு வரும். அவர் அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கை தள்ளுவார், வாயில் பீடி. நான் கொப்பரை ஓரம் நின்று அழுக்கு வழிப்பேன். கொதிக்கிறபோது எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு ஆவி எழும். அதுவும் வெறும் ஆவிதான் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சீசன் முடிந்ததும் கொட்டகை விட்டத்தில் ஏறி அரிவாளால் சுரண்டுவது என் வேலை. விரல் கனத்துக்குக் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். எறும்பும் குளவியும் அப்பியிருக்கும். யாரும் ஏணி வைத்து ஏறி வெல்லத்தைப் பூசவில்லை. ஆவிதான் சுமந்துகொண்டு போய் அங்கே இறக்கிவைத்தது.

இதை அவரிடம் சொன்னேன்.

"அது வெல்லம் பெரிம்மா. இது அளவு பாத்துக் கலந்தது."

"வாசனை கலந்திருக்குதே, அது உள்ள போயி இன்னா பண்ணும்?"

"சிகரெட்டுக்கு இது தேவலாம்னு சொல்றேன். அவ்ளோதான்."

"எங்க கொட்டாயில ஓலை முழுக்க சந்து. ஆவி போறதுக்கு நூறு வழி. அப்பவும் அவ்ளோ ஒட்டிக்கினுது. உங்க நெஞ்சுக்குள்ள யாரு ஏணி வெச்சி ஏறிச் சுரண்டறது?"

என் வீட்டுக்காரர் பீடியோடு சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழல்காரர் அவர் முதுகைத் தடவிவிட்டார்.

அந்த இருமலுக்காகத்தான் என் வீட்டுக்காரரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. ஒரு குழாயில் ஊதச் சொன்னார். என் வீட்டுக்காரர் கண் பிதுங்க ஊதினார், அளவு காட்டுகிற முள் பாதிகூடப் போகவில்லை. நுரையீரல் போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், பீடியை முழுசாக விட வேண்டும், குறைப்பது என்ற பேச்சே கூடாது என்றார் டாக்டரம்மா.

பீடியை விடுவதற்கு எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. மாலை போட்டுக்கொள்வது. மாலை கழுத்தில் இருந்தால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, கறி கூடாது. ரெண்டு வேளை குளியல், வெறுங்கால், கறுப்பு வேட்டி. பொண்டாட்டி உட்பட எல்லாரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மனுஷனுக்குப் பயப்படாதவன் மாலைக்குப் பயப்படுவான். கார்த்திகையில் என் வீட்டுக்காரர் மாலை போட்டார். சபரிமலை ஏற மூச்சு இல்லை, இருமுடியை இங்கே கோவிலிலேயே இறக்கிக்கொள்ளலாம் என்று எங்கள் தெரு குருசாமி சொன்னார். குருசாமி என்றால் மாலை போட்டுவிடுகிற பெரியவர். எங்கள் குருசாமி லாரிப் பட்டறை வைத்திருப்பவர், கறாரான ஆள்.

முதல் பத்து நாள் என் வீட்டுக்காரர் நடந்துகொண்டே இருந்தார். முற்றத்திலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து முற்றத்துக்கு. சோற்றைப் பார்த்தால் கோபம், காகத்தைப் பார்த்தால் கோபம். கிராம்பை மென்று மென்று வாய் புண். நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன். சாமியைத் திட்ட முடியாதே. பதினைந்தாம் நாள் வாக்கில் கொஞ்சம் அடங்கினார். இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். மாடிப்படி நாலு ஏறி நின்று, "இந்தாமே, பாத்தியா" என்றார். பார்த்தேன். அந்த நாலு படியை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் ரொம்பச் சாந்தமாகிவிட்டார். அதிகாலைக் குளியலுக்குப் போனால் அரை மணி ஆகிறது. பூஜைக்கு உட்கார்ந்தால் ஊதுபத்தி வாசனையோடு இன்னொரு வாசனை வருகிறது. நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றேன். மாம்பழ மிட்டாய்.

"சாமி, கதவத் தெற."

திறந்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் துளசி மணி, கையில் அந்தக் குழல். முன்கட்டுக்காரர் புதுசு வாங்கிக்கொண்டு தன் பழையதை இவருக்குக் கொடுத்திருக்கிறார்.

"மாலைய போட்டுக்கினு இன்னா சாமி இது?"

"இது புகை இல்லமே. ஆவி. நான் கேட்டுத்தான் செஞ்சேன்."

"குருசாமிய கேட்டியா?"

"அவருக்கு இன்னா தெரியும், ஸ்பேனர் புடிக்கிற ஆளு. மெடிக்கல்காரர கேட்டேன். மாலைக்குப் புகைதான் ஆகாது, ஆவிக்கு விலக்கு கெடையாதுன்னாரு. சாமிக்கே ஆவி பறக்கத்தானே பொங்கல் வெக்கிறோம்னாரு."

எனக்கு அப்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முன்கட்டுக்குப் போனேன். அவர் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாவம் பெரிம்மா, துடிச்சிக்கினு இருந்தாரு. பீடிய தொட்டு வெரதத்த முறிச்சிடுவாரோன்னு பயந்துட்டேன். அதுக்கு இது தேவலாம்னு..."

நல்ல மனசோடுதான் கொடுத்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய்க் குருசாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் சாயங்காலம் வந்தார். என் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்தார்.

"சாமி, அதை வாயில வெச்சி இழுக்கறியா?"

"இழுக்கறேன் சாமி."

"உள்ள நிறுத்தறியா?"

"நிறுத்தறேன் சாமி."

"வெளிய வுடறியா?"

"வுடறேன் சாமி. ஆனா அது புகை இல்ல."

"அது இல்லாம இருக்க முடியுதா?"

என் வீட்டுக்காரர் துளசி மணியை விரலால் உருட்டினார். குருசாமி எழுந்து, தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனார். முப்பத்தோராம் நாள்.

மாலை போன கழுத்தைத் தடவிக்கொண்டே என் வீட்டுக்காரர் வெளியே போனார். திரும்பி வரும்போது காதில் பீடி சொருகியிருந்தது. அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை, அவமானம். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டதே. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு, குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிச்சம் பதினேழு நாளை ஓட்டியிருக்கலாம். ஓட்டியிருக்கலாமோ என்னவோ. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் ரெண்டும் நடந்தது. வெளியே பீடி, உள்ளே குழல். பீடிக்கு ஒரு முடிவு உண்டு. எரிந்து விரலைச் சுட்டால் எறிந்துதான் ஆக வேண்டும். குழலுக்கு முடிவே இல்லை. கட்டிலில், சாப்பாட்டுக்கு நடுவில், பேச்சுக்கு நடுவில், ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு. பீடிக்காகவாவது எழுந்து நடந்துகொண்டிருந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நாள் மெடிக்கல் ஷாப்புக்கே போனேன். நாலைந்து மலை ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"வாங்க பெரிம்மா, உக்காருங்க. இன்னா மருந்து?"

"மருந்து இல்ல. ஒரு விளக்கம் வேணும். நீங்கதான் நல்லா விளக்குவீங்களே."

அவருக்கு முகம் மாறியது. முதலாளியை ஒரு பார்வை பார்த்தார்.

"பெரிம்மா, வூட்டுக்கு வந்து பேசலாமே."

"எங்க வூட்டுக்காரருக்கு அந்தக் குழல எதுக்குக் குடுத்தீங்க?"

"பீடிக்கு அது தேவலாம் இல்லையா? நீங்களே சொல்லுங்க. எந்த டாக்டர வேணாலும் கேளுங்க, தாரு கம்மி, கரி கம்மி."

"கம்மியாவே இருக்கட்டும். நீங்க குடுத்த அன்னிக்கு அவரு பீடிய வுட்டு இருபது நாளாச்சு தம்பி. அவரு வாயில ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததுக்கு எது தேவலாம்?"

அவர் வாயைத் திறந்தார். பக்கத்தில் நிறுத்துவதற்கு ஒன்றைத் தேடினார் என்று நினைக்கிறேன். கண் அலமாரியில் இருந்த டப்பாக்களின் மேல் போய்ப் போய் வந்தது. கிடைக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு மலைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரு, நானும் பீடிய வுட்டுட்டேன். நான் எதுனா வாங்கணுமா?"

"வேணாம்" என்றார். அவர் விளக்கம் இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தையாக அது இருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு காலை. குளித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே சுவரில் சாய்ந்தார். உதடு நீலம். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. நான் அவர் தோளைத் தாங்கிப் பிடித்தேன். முன்கட்டுக்காரர் எப்படித் தெரிந்துகொண்டாரோ, ஓடி வந்து அவரைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் தூக்கி, வெறுங்காலோடு தெருவில் ஓடி ஆட்டோவில் ஏற்றினார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவரும் தூணைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். நாற்பது வயசுதான். அதையும் பார்த்தேன்.

டாக்டரம்மா என் வீட்டுக்காரர் மூக்கில் ஆக்சிஜன் வைத்துவிட்டு, என்ன குடிக்கிறார் என்று கேட்டார். நான் சொல்வதற்குள் முன்கட்டுக்காரர் தன் குழலை எடுத்துக் காட்டிவிட்டார். ஒளிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"பீடிக்கு இதுல கெடுதி கம்மின்னுதான் மேடம்..."

"சிலது கம்மி. அது நெசந்தான்" என்றார் டாக்டரம்மா. "கம்மின்னா இல்லன்னு அர்த்தமா? இதுலயும் நிகோடின் இருக்கு. அது இருக்கறவரைக்கும் பழக்கம் போவாது. இவரு ரெண்டையும் இழுக்கறாரு. அப்புறம் எதுல கம்மியாச்சு? பீடி என்ன பண்ணும்னு எங்களுக்குத் தெரியும். இது இருபது முப்பது வருஷத்துல என்ன பண்ணும்னு யாருக்கும் முழுசா தெரியாது. உங்க நெஞ்ச வெச்சித்தான் அத தெரிஞ்சிக்கணுமா?"

"என்னையா மேடம் சொல்றீங்க?"

"வேற யாரு, உங்களத்தான். நீங்களும் சிகரெட் இன்னும் குடிக்கிறீங்கதானே? விரல் கறையே சொல்லுதே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். கடைக்குப் பின்னால் போய்க் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். ரெண்டையும் விட்டார். விட்டார் என்று எழுத மனசு வரவில்லை. இழுப்பதற்கு மூச்சு இல்லை, அவ்வளவுதான். தினம் காலையிலும் மாலையிலும் ஒரு மிஷினில் மருந்தை ஊற்றி, மூக்கையும் வாயையும் மூடுகிற மூடியைப் போட்டு, அதில் வருகிற ஆவியை இழுக்க வேண்டும். மருந்து சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும், ரெண்டு தினுசு. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எது எது என்று தெரியாது. தெரியாது என்று முன்கட்டுக்குப் போய்ச் சொல்ல என் கால் நகரவில்லை.

சொல்லாமலே அவர் வந்தார். கடைக்குப் போகும் முன், தேய்த்த சட்டையோடு. நான் வாசலில் நின்று மறித்தேன்.

"பாக்கெட்டுல இருக்கறத வெளிய வெச்சிட்டு வாங்க."

"பெரிம்மா, அது ஆஃப் பண்ணித்தான் இருக்கு. மூடியே போட்டு..."

நான் நகரவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குழலை எடுத்துச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். குப்பியைத் திருகி, மருந்தை ஊற்றி, மூடியைப் பொருத்தி, பத்து நிமிஷம் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. மூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்லி அவரைச் சிரிக்க வைப்பார். நான் காப்பி கொடுக்க மாட்டேன். அவரும் எதிர்பார்க்க மாட்டார்.

மூன்று மாதம் இப்படி. ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. தினமும் சன்னலில் குழல், தினமும் நான் வாசலில். இதற்குள் குப்பிகளை நிறத்தையும் திருகுகிற வாயின் வடிவத்தையும் வைத்து நானே அடையாளம் கண்டுகொண்டேன். சாயங்கால மருந்தை நானே போட ஆரம்பித்தேன். காலை மருந்தையும் போட எனக்குத் தெரியும். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நாலைந்து தடவை வாய் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் ஏழு மணியிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் சொல்லவில்லை.

ஆனியில் முதலாளி உளுந்தூர்பேட்டையில் இன்னொரு கடை திறந்தார். இவரை அங்கே போகச் சொல்லிவிட்டார். சாமான் கட்டுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலை அவர் வந்து செருப்பைக் கழற்றினார். சன்னல் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. என் முன்னால் வந்து நின்றார். நான் அவர் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தேன். பேனா மட்டும் இருந்தது.

விட்டுவிட்டாரா, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாரா, கடைக்குப் பின்னால் சிகரெட்டுக்கே திரும்பிப் போய்விட்டாரா, எனக்குத் தெரியாது. அவர் நான் கேட்பேன் என்று எதிர்பார்த்து நின்றார். கன்னத்தில் குழிகூட லேசாக விழுந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். உள்ளே ஒருவர் மூச்சுக்குக் காத்துக்கொண்டிருந்தார். வாசலை விட்டு நகர்ந்தேன்.